சிம்னி விளக்கைச் சுற்றி ஒரு வானவில்

விடிந்தும் விடியாததுமாகச் செல்போனில் சூரிய உதயமும் பனித்துளி உட்கார்ந்த ரோஜாவும் அனுப்பி, அடியில் ‘இறைவனின் கைவண்ணம்’ என்று போட்டுவிடுகிற என் வயதுத் தோழிகளே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் பதிலே போடுவதில்லை என்று உங்களுக்கெல்லாம் மனத்தாங்கல். போன வாரம் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள், ‘இதெல்லாம் பாத்தா ஒனக்கு ஒண்ணுமே தோணாதா?’ என்று. தோன்றும். உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தோன்றும். அதனால்தான் கட்டைவிரல் படத்தை மட்டும் தட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை.

உங்கள் படங்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே சூரியனை மூன்று பேர் அனுப்புகிறீர்கள், அது ஒன்றுதான் குறை. ஆனால் வானத்தைப் பார்த்ததும் அல்லாவை நினைக்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது எங்கள் குப்பியிடமிருந்து. குப்பி என்றால் எங்கள் வழக்கில் அத்தாவின், அதாவது அப்பாவின், உடன்பிறந்த தங்கை. நான் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு ஆடியில் தொடங்கி கார்த்திகைக்குள், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்து அந்தக் குப்பியின் பார்வை போயிற்று. வீடு நிறைய ஆள் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சில மாதங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

குப்பி வாழ்க்கைப்பட்ட வீடு சாணார்பட்டிக்குப் பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவில் தனியாக இருந்தது. மாமா, அதாவது குப்பியின் வீட்டுக்காரர், ஆவாரம்பட்டை வியாபாரி. அப்போதெல்லாம் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டைதான். சுற்றுவட்டத்துக் கரட்டுக் காட்டில் பெண்கள் ஆவாரஞ்செடியை வெட்டிப் பட்டை உரித்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். மாமா அதை வாங்கி வண்டியேற்றித் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு அனுப்புவார். பட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிற வெறும் வண்டியில் நான் தொற்றிக்கொள்வேன். வண்டிப் பலகையில் துவர்ப்பாக ஒரு மணம் இருக்கும். எங்கள் தெரு தோல் ஷாப்புகளுக்குப் பின்புறம். சுண்ணாம்புத் தொட்டியும் ஊறுகிற தோலும் கலந்து அடிக்கிற வாடை எங்களுக்கு வாடை என்றே தெரியாது. குப்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் மட்டும் தெருமுனையில் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். ‘பெரிய எடத்துப் பிள்ளை வந்துருச்சு’ என்று அம்மா கேலி செய்வார்.

குப்பிக்குப் பிள்ளை இல்லை. சாயங்கால அசர் தொழுகையை அவர் வீட்டுக்குள் தொழ மாட்டார். வெளியே புங்கமரத்தடியில் பாய் விரித்துத் தொழுவார். முடிந்த பிறகும் பாயைச் சுருட்டாமல், பொழுது அடைந்து மஃரிப் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

“ஊர்ல எல்லாரும் அஞ்சு வேளை தொழுவாக. ஒங்க குப்பிக்கு மட்டும் நடுவுல இன்னொரு வேளை இருக்கு” என்று மாமா என்னிடம் சொல்வார்.

“அவன் தினம் ஒண்ணு காட்டுறான். பாக்க ஆளு வேணாமா?” என்பார் குப்பி.

அதுதான் அவருடைய சொல். காட்டுறது. தெற்கே சிறுமலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தால் ‘மலை முக்காடு போட்டிருச்சு, பாரு’ என்பார். பாதி மலை தெரிந்தால் அரை முக்காடு. கிணற்றுக்குள் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடு, சோளத் தட்டையில் வரிசையாக உட்கார்ந்த தட்டான், மழைக்கு முன்னால் எறும்பு முட்டையோடு வீடு மாறுவது, எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு ‘சுப்ஹானல்லாஹ்’, அப்புறம் எனக்கு ஒரு அழைப்பு. வெட்டின ஆவாரந்தூரைக் காட்டி ஒருமுறை சொன்னார், “பட்டையை உரிச்சிட்டு வெறும் கட்டையா விட்டுட்டு வாராக. மறு மழைக்கு அது துளுத்துப் பூத்து நிக்குது. யாரோ வந்து அதுக்கு ஒரு வார்த்தை சொல்லாமயா பூக்கும்?” எனக்கு அப்போது பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்வதுதான் முக்கியம். தலையை ஆட்டிவைத்தேன்.

அந்த ஆடியில் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்த நாட்களில் மாமா காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மவுத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்த கையோடு அத்தா தன் தங்கையைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்துவிட்டார். தோட்டத்து வீட்டில் ஒற்றைப் பொம்பளையை விட முடியுமா?

உங்களில் சிலருக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்பதால் சொல்கிறேன். புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, சிங்காரிக்கக் கூடாது, அந்நிய ஆண்கள் பார்வையில் படக் கூடாது. இவ்வளவுதான் மார்க்கம். ஆனால் எங்கள் தெருவில் அதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள், இத்தாவில் இருக்கிறவள் ஆகாசத்தைப் பார்க்கக் கூடாது என்று. யார் சேர்த்தது, எப்போது சேர்த்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

குப்பிக்கு ஒதுக்கின உள்ளறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக மலைக்கோட்டைப் பாறையும் அதற்கு மேலே ஒரு துண்டு வானமும் தெரியும். அத்தா தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். எதையும் கோணலாகச் செய்யத் தெரியாது. கறுப்புக் கம்பளி ஒன்றை நாலு மூலையும் இழுத்து, சுருக்கம் இல்லாமல் ஜன்னலில் ஆணி அடித்தார்.

“மேல் பாதியை மட்டுமாச்சும் விட்டு வைக்கலாமே?” என்றார் அம்மா.

“நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. எந்தங்கச்சியை ஒரு சொல்லு சொல்ல விடமாட்டேன்” என்றார் அத்தா.

மூன்றாம் நாள் குப்பி அத்தாவைக் கூப்பிட்டார். “அண்ணே, ஒரு ஓரமாச் செத்த விலக்கி வையேன். அசருக்கு மட்டும்.”

அத்தாவுக்குத் தங்கை என்றால் உயிர். “இத்தா முடியட்டும்மா. அப்புறம் நீ பாக்காம யாரு பாக்கப்போறா? வானம் எங்க போயிரப் போகுது?”

அந்த அறைக்குள் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீயும் வறுக்கி ரொட்டியும் கொண்டு உள்ளே நுழைந்தால் குப்பி கேட்பார், “இன்னிக்கு என்னடி காட்டினான்?”

“ஒண்ணும் இல்ல குப்பி. வெயிலு.”

“வெயிலுன்னா எப்படி வெயிலு? நீ பள்ளிக்கூடம் போறப்ப பாறையில எதுவரைக்கும் எறங்கியிருந்துச்சு?”

நான் கவனிக்கவில்லை. மறுநாள் கவனித்தேன். காலையில் பாறையின் உச்சி மட்டும் முதலில் மஞ்சளாகும். நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் பாதிப் பாறைக்கு இறங்கிவிடும். கீழ்ப்பாதி இன்னும் தூங்குகிற மாதிரி சாம்பலாக இருக்கும். அதைப் போய்ச் சொன்னபோது குப்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்கப்புறம் எனக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. காயப்போட்ட தோலுக்கு மேலே பருந்துகள் சிறகை அசைக்காமல் வட்டமடிப்பது, ரயிலடிப் பக்கமிருந்து மழை வெள்ளையாக நடந்து வருவது, மழை விட்டபின் பாறையின் இடுக்குகளில் தண்ணீர் கோடு கோடாக மின்னுவது எல்லாம் குப்பிக்காகப் பார்த்தது. நான் பார்க்காவிட்டால் அவருக்கு அன்றைக்கு ஒன்றுமே கிடைக்காது என்ற பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நன்றாக எதையும் பார்த்ததில்லை.

முதல் மழைக்கு மண்ணிலிருந்து சிவப்புச் சிவப்பாகப் பட்டுப்பூச்சி வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோய்க் குப்பியின் உள்ளங்கையில் விட்டேன். அவர் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். “ஊருறது தெரியுது. எங்க இருக்குன்னு தெரியலையேடி” என்றார். அறை இருட்டு. எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “கதவையும் சாத்தியாச்சு, ஜன்னலையும் அடைச்சாச்சு. இங்க ஒருத்தி கெடக்கான்னு அவனுக்கு நெனப்பு இருக்குமாடி?”

“அல்லாவுக்கு எல்லாம் தெரியும்னு ஓதிக்குடுத்திருக்காங்க குப்பி.”

அவர் சிரித்தார். “அது எனக்கும் தெரியும். ஆனா நா கண்ணால பாத்தே பழகிட்டேனே.”

புரட்டாசியில் தலைவலி தொடங்கியது. நெற்றியின் ஒரு பக்கம், கண்ணுக்கு மேலே, பிளக்கிற மாதிரி வலி. கண் சிவந்து நீர் வடிந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கண் சிவக்காமல் எப்படி இருக்கும்? அழுதழுது வந்த வலி என்றார்கள். சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டார் அம்மா. பள்ளிவாசலில் ஓதி வாங்கின தண்ணீரை அத்தா கொண்டுவந்து கொடுத்தார். வலி வரும், போகும். வந்தால் குப்பி வாந்தி எடுப்பார்.

வாந்தி என்றதும் வீட்டுக் காற்றே மாறியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சமையலறையில் அம்மாவோடு குசுகுசுத்தார்கள். குப்பிக்கு அப்போது நாற்பது வயதுக்குள்தான். மாமா போகிறபோது விட்டுப்போன வாரிசாக இருக்குமோ! மாங்காய் வற்றல், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் அந்த அறைக்குள் போயின. கையை இறுக்கிப் பிடிக்கிற அத்தா ஒரு முழுச் சீப்பு சிறுமலைப் பழத்தோடு வீட்டுக்கு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். குப்பி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். கூப்பிட்டால்கூடக் கையை எடுக்க மாட்டார்.

மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, “அது இல்லத்தா. இது அழுதழுது வந்த பித்த வாந்தி” என்று சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். இருந்தாலும் உள்ளே கேட்டுவிட்டது. குப்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் டீ கொண்டுபோனபோது என்ன காட்டினான் என்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பாறையின் மேல் இரண்டு வானவில் ஒன்றின் மேல் ஒன்றாக நின்ற சாயங்காலம்கூட, நான் ஓடிப்போய்ச் சொன்னதற்கு, “சரிடி” என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் அம்மா சொன்னார், “ஒரு லேடி டாக்டரைக் கூட்டியாந்து காட்டுவமா? வலி நிக்கவே மாட்டேங்குதே.”

“இத்தா முடியட்டும்” என்றார் அத்தா. எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. கல் நெஞ்சுக்காரர் இல்லை, தோழிகளே. தங்கையின் இத்தா ஒரு குறையும் இல்லாமல் முடிய வேண்டும், மாமாவுக்கு மறுமையில் அதனால் ஒரு குறை வரக் கூடாது என்பதுதான் அவர் கவலை. நோன்பு பிடித்தவர் நோன்பு திறக்கிற நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல அவர் அந்த நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அடைமழை. மஃரிப் பாங்கு சொன்னதும் அம்மா சிம்னி விளக்கை ஏற்றிக் குப்பி அறையின் மாடக்குழியில் வைத்தார். தெருவில் கரண்ட் விளக்கு வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குள் இன்னும் மண்ணெண்ணெய்தான். அம்மா வெளியே வந்து நாலு எட்டு வைத்திருக்க மாட்டார். உள்ளேயிருந்து குப்பியின் குரல் கேட்டது. “சுப்ஹானல்லாஹ்! சுப்ஹானல்லாஹ்!”

ஓடினோம். குப்பி எழுந்து உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாமா இருந்த காலத்து முகமாக மாறியிருந்தது.

“வானவில்லுடி! வெளக்கைச் சுத்தி முழு வட்டமா! வெளிய செவப்பு, உள்ள வர வர ஊதா… பாரு, பாரு!”

பார்த்தேன். விளக்கு இருந்தது. கண்ணாடிக்கு மேலே கொஞ்சம் புகை இருந்தது. “எனக்குத் தெரியல குப்பி” என்றேன். நல்லவர்களுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. அம்மா சிம்னியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் குப்பிக்கு வானவில் தெரிந்தது. அத்தாவும் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் விளக்கைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

“ஒனக்குன்னு காட்டியிருக்கான்மா” என்றார். சொன்னவர் அழுதுவிட்டார். அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஜன்னலை அடைச்சா என்னண்ணே? அவன் வந்துட்டான் பாத்தியா” என்றார் குப்பி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துக்கம் பாதியாகக் குறைந்தது. பெண்கள் வந்து குப்பியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு ஏறுவதற்காகக் குப்பி காத்திருந்தார். வளையம் தெரிகிற அன்றைக்கு வலியும் கூடவே வரும். “அவன் குடுக்குறதோட சேந்து வாரது. பொறுத்துக்க மாட்டனா?” என்று பல்லைக் கடித்துக்கொள்வார். என்னிடம், “நீ மழையில நின்னு நனைய வேணாம்டி. எனக்கு இங்கயே காட்டுறான்” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் கோபித்துக்கொண்டு நான் வானத்தையே பார்க்கவில்லை.

கார்த்திகை தொடங்கினதும் சாணார்பட்டியிலிருந்து, மாமாவுக்குப் பட்டை போடுகிற அக்கா ஒருத்தி குப்பியைப் பார்க்க வந்தாள். பூத்த ஆவாரங்கிளை ஒரு கை நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

“என்னாத்தா, இம்புட்டு இருட்டுல உக்காந்திருக்கீக? ஐயா போனதுலருந்து பட்டை எடுக்க ஆளு இல்ல. காட்டுல வெட்டே இல்ல. பாதைக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளாப் பூத்துக் கெடக்கு. நீங்க வந்து பாக்கணும்.”

குப்பி கையை நீட்டினார். கிளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அந்த அக்கா, இருட்டில் தெரியவில்லை என்று நினைத்து, கையைப் பிடித்து அதில் கிளையை வைத்தாள். குப்பி பூவை முகத்தோடு சேர்த்துக்கொண்டார். “இத்தா முடிஞ்ச அன்னிக்கே வாரேன்” என்றார்.

சொன்னபடியே நடந்தது. அந்த நாள் வந்ததும் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, துப்பட்டியை முகம் மறைய இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்தபடி குப்பி வெளியே வந்தார். நாலு மாதம் உட்கார்ந்தே கிடந்ததில் கால் தடுமாறுகிறது என்றுதான் நினைத்தோம். அத்தா தோல் ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு, படுதா கட்டின வண்டி ஒன்றை அமர்த்தியிருந்தார். ஊரைத் தாண்டுகிற வரை படுதா இறங்கியிருந்தது. குப்பி வாயே திறக்கவில்லை. அவருக்கு அதற்கு முன்பே சந்தேகம் வந்திருக்கும், வெளியே சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று பயந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்துப் பாதை வந்ததும் அத்தாவே இறங்கி இரண்டு பக்கத்துப் படுதாவையும் மேலே சுருட்டிக் கட்டினார். அந்த அக்கா சொன்னது கொஞ்சம்தான். கண்ணுக்கெட்டின மட்டும் ஆவாரை. மழை கழுவின வெயில். அதற்கு அந்தப் பக்கம் சிறுமலை நீலமாக, தோளில் ஒரே ஒரு வெள்ளை மேகத்தோடு. அத்தா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையனைப் போல நின்றுகொண்டு, “இப்பப் பாரும்மா” என்றார்.

குப்பி துப்பட்டியை விலக்கினார். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“வெள்ளையா இருக்கே. படுதாவைத் தூக்கி விடுண்ணே. நா பாக்கணும்.”

நான்தான் சொன்னேன், “தூக்கித்தான் இருக்கு குப்பி” என்று.

மறுவாரமே மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, பார்வை நரம்பு செத்துப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இங்கிலீஷில் என்னவோ பெயர் சொன்னார். அத்தாவுக்கு அது மனதில் நிற்கவில்லை. அழுதழுது கண் கெட்டுவிட்டது என்றே வீட்டில் வந்து சொன்னார். குப்பிக்காக துஆ ஓதச் சொல்லிக் கேட்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவர் போனபோது என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஹஜ்ரத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆகாசத்தைப் பாக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? வீட்டு முத்தத்துல உக்காந்து தாராளமாப் பாக்கலாமே. வைத்தியத்துக்கு வெளிய போறதுக்கும் தடை இல்லையே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். அத்தாவின் உள்ளங்கை என் கைக்குள் வேர்த்து நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் குப்பியின் அறைக்குப் போய்க் கம்பளியைப் பிய்த்து எடுத்தார். ஆணியைக் கழற்றுகிற பொறுமைகூட இல்லை, கம்பளி கிழிந்தது.

அதற்குப் பிறகு குப்பி இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். தினமும் அசருக்குப் பிறகு அத்தா அவரைக் கையைப் பிடித்து மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். வானத்தைப் பார்த்து அவருக்குச் சொல்வார். கணக்கு எழுதுகிறவருக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்? “மேகம் இருக்கு. வெள்ளையா இருக்கு. மேற்கால ரெண்டு இருக்கு” என்பார். “ஷாப்புக் கணக்குச் சொல்ற மாதிரியே சொல்றியேண்ணே” என்று குப்பி சிரிப்பார். குப்பி அத்தாவை ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. யார் வந்தாலும் அவர் சொல்கிறது அந்தச் சாயங்காலத்தைத்தான். “கண்ணு போறதுக்கு முன்னாடி அவன் எனக்கு வானவில்லைக் காட்டிட்டுத்தான் எடுத்துக்கிட்டான். அந்த இருட்டுக்குள்ள தேடி வந்து காட்டினான்” என்பார். அப்போது பக்கத்திலிருக்கிற அத்தாவின் முகம் கொஞ்சம் லேசாகும். அவருக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

குப்பி மவுத்தாகும்போது எனக்குக் கல்யாணமாகி மதுரையில் இருந்தேன். அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து, ஐம்பதைத் தாண்டின பிறகு, ஒரு சாயங்காலம் எங்கள் தெரு விளக்கைச் சுற்றி எனக்கு அந்த வளையம் தெரிந்தது. வெளியே சிவப்பு, உள்ளே வர வர ஊதா. குப்பி சொன்னது அப்படியே. நான் நடுத்தெருவில் நின்று ‘சுப்ஹானல்லாஹ்’ என்றேன். எனக்கும் ஒருவழியாகக் காட்டிவிட்டான் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. மறுநாள் தலைவலிக்காகத்தான் கண் டாக்டரிடம் போனேன். அவள் என் மகள் வயதுப் பெண். அவள் கேட்ட முதல் கேள்வியே, “விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதாம்மா?” என்பதுதான்.

கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறினால் அப்படித் தெரியுமாம். கூடவே ஒற்றைத் தலைவலியும் வாந்தியும் வருமாம். ஆரம்பத்திலேயே வந்தால் காப்பாற்றிவிடலாமாம். சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். “இருட்டுல ரொம்ப நேரம் இருக்காதீங்க. இருட்டுல கண்மணி விரியும், அப்ப அழுத்தம் இன்னும் ஏறும்” என்றாள். நான் அழ ஆரம்பித்ததும், பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தோழிகளே, எனக்கு ஆறவே இல்லை. இன்றைக்கும் ஆறவில்லை. அந்த மாதங்களில் அவன் காட்டாமலா இருந்தான்? பாறையில் வெயிலை இறக்கினான், மழையை நடக்கவிட்டான், இரட்டை வானவில்லை நிற்க வைத்தான், ஒரு காட்டையே வெட்டு இல்லாமல் பூக்க வைத்தான். எல்லாம் ஒரு கம்பளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குப்பியின் கண்ணே ஒருவேளை தப்பியிருக்கும். நாங்கள் அதை அடைத்துவிட்டு, உள்ளே நோய் காட்டியதைக் கும்பிட்டோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவரின் கையை வாங்கிக் கண்ணில் ஒற்றினோம்.

அத்தா அப்போது உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். படுக்கையோடு படுக்கை, ஆனால் ஞாபகம் மட்டும் தெளிவு. அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பஸ் ஏறினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தனியாகச் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான். சின்னாளப்பட்டி தாண்டுகிற வரை எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். “கண்ணுக்கு டாக்டர்ட்டப் போனியாமே. என்ன சொன்னாக?” என்று அவரே ஆரம்பித்தார்.

“வெளக்கைப் பாத்தா சுத்தி வளையம் தெரிஞ்சுச்சுத்தா. அதுக்குத்தான்…”

என்னை முடிக்க விடவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“வானவில்லு மாதிரியா? ஒங்க குப்பிக்குத் தெரிஞ்ச மாதிரியா?”

“ஆமாத்தா.”

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

அவர் இரண்டு கையையும் ஏந்தினார். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. “யா அல்லா, என் வீட்டை நீ கைவிடல. அவளுக்குக் காட்டினே, இப்ப எம் மகளுக்கும் காட்டிட்டே” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார், “எப்படிம்மா இருந்துச்சு? எனக்கு ஒரு தடவைகூடத் தெரியல. சொல்லும்மா.”

சொட்டு மருந்துப் புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வெளியே சிவப்பு என்று தொடங்கி, ஒவ்வொரு நிறமாக அவருக்குச் சொன்னேன்.